நிறுத்துவதா, தாண்டிப் போவதா

சென்ற ஞாயிறு மாலை, ஏ.எஸ்.ராவ் நகரில் நம் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழு கூடி, சங்கத்தின் இணையதளத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொரு சொல்லைப் போடுவதென்று தீர்மானித்தது. எடுக்கப்படும் சொல் 'பிரேக்'. போடப்படும் சொல் 'கன்டின்யூ'. செயலாளர் முன்மொழிந்தார், பொருளாளர் வழிமொழிந்தார், எல்லோரும் கை தூக்கினார்கள். தேசிய கீதம் பாடிக் கலைந்தோம். தீர்மானம் உன்னைப் பற்றியது என்பதால் உனக்குத் தெரிவிப்பது முறை.

தொடங்கி வைத்தது அந்தக் கேக். பிறந்தநாள் பக்கத்துக்காக நீ தேடிப் பிடித்த படம். மெழுகுவத்தி அணையாமல் ஆடிக்கொண்டே இருக்கும். உன் பிறந்தநாள் அன்று காலை பக்கத்தைத் திறந்தால் அந்த மாதப் பட்டியலில் ஏழாவதாக உன் பெயர், பக்கத்தில் கேக், கீழே 'நூறாண்டு வாழ்க'. நீ மாசியில் போய்விட்டாய். அந்த வாழ்த்தை எழுதியவனும் நீ, அதை வரிசையாக எல்லோருக்கும் சொல்லும் டெம்ப்ளேட்டை எழுதியவனும் நீ. உனக்கு நீயே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் கோபப்பட வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியாமல் டீயை ஆறவிட்டேன்.

அதற்குள் உன் மனைவி போன் செய்துவிட்டாள்.

"அண்ணா, காலைலேர்ந்து வாழ்த்து வந்துகிட்டே இருக்கு. ஒருத்தர் 'போனை அவர்கிட்ட குடும்மா'ங்கறார். நான் என்ன சொல்ல?"

"பேரை எடுத்துடறேன்மா."

"ஐயோ, எடுக்காதீங்க. அவர் பேர்லதான எங்க எல்லாருக்கும் மெம்பர்ஷிப். பேரு இருக்கட்டும். ஆனா அந்தப் பக்கத்துல வரக் கூடாது."

இருக்க வேண்டும், வரக் கூடாது. இதைப் புரிந்துகொண்டது போல் "சரிம்மா" என்றேன்.

நீ இருந்திருந்தால் இது வேலையே இல்லை. இந்தத் தளத்தை நாம் கட்டியதே கம்பெனி பஸ்ஸில்தான். மல்காஜ்கிரியில் ஏறினால் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். டிராஃபிக் நன்றாக இருந்தால் இரண்டு. நீ மூன்று தலைமுறையாக இந்த ஊர் ரயில்வே குடும்பம்; வீட்டில் ஆற்காட்டுத் தமிழ், வெளியே இந்த ஊர் உருது, வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', எதற்கு என்பதற்குக் 'கைக்கு'. நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவன். நமக்குள் இருந்த ஒரே பெரிய சண்டை, லூப்பை நடுவில் நிறுத்தலாமா என்பது.

பதிவேட்டிலிருந்து பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் அடுக்கும் சுற்றுதான் லூப். சாதாரண நிரல் மொழிகளில் 'பிரேக்' என்றால் சுற்று அங்கேயே நிற்கும். 'கன்டின்யூ' என்றால் அந்த ஒருவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போகும். நாம் எடுத்துக்கொண்ட டெம்ப்ளேட் மொழியில் இரண்டும் கிடையாது. ஆரம்பித்த சுற்று கடைசிப் பெயர் வரை போயே தீரும். வேண்டுமென்றால் அவற்றைத் தரும் இணைப்பு நிரல் ஒன்றைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். நான் போடலாம் என்றேன்.

"நக்கோ."

"ஏன்டா?"

"கைக்கு டா நிறுத்தணும்? டெம்ப்ளேட்டோட வேலை பரிமாறறது. பந்தியில உட்கார வெச்சிட்டு ஒருத்தனை எழுப்புவியா நீ? வேணாம்னா வாசல்லயே சொல்லிடு."

"சரி, எழுப்ப வேண்டாம். அவன் இலையை மட்டும் தாண்டிப் போனா?"

"அப்பவும் அவன் உட்கார்ந்ததா கணக்குதான். சுத்து அவனையும் எண்ணிடும்."

முன் இருக்கையிலிருந்த தெலுங்கு நண்பர் திரும்பி, யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார்.

வாசலிலேயே சொல்லிவிடுவது என்றால், பெயர்கள் டெம்ப்ளேட்டுக்கு வருமுன்பே வடிகட்டிவிடுவது. நீ சொன்னது சரி என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்துகொண்டே எதிர்த்துப் பேசினேன். வேறு என்ன செய்வது, பஸ் நகரவில்லை.

அந்த இணைப்பை, நீ இல்லாத தைரியத்தில், உன் பிறந்தநாள் அன்றே போட்டேன். உன் உறுப்பினர் எண் வந்ததும் 'பிரேக்'. பக்கத்தைத் திறந்தேன். உன் பெயர் இல்லை, கேக் இல்லை. உன் மனைவிக்குச் செய்தி அனுப்பினேன். கும்பிடும் கை ஒன்று பதிலாக வந்தது. ஏதோ செய்து முடித்துவிட்டவன் போல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதம் மூன்றாவது வாரத்தில் செயலாளர் போன் செய்தார். தொழிற்சாலையில் கருவிகளைச் சோதித்து ஓய்வு பெற்றவர். எதையும் படிப்படியாகத்தான் சொல்வார்.

"சார், இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள். பக்கத்துல என் பேர் இல்லை. காலைல எழுந்தேன், டிபன் சாப்பிட்டேன், வாக்கிங் போனேன். அதனால உயிரோட இருக்கேன்னுதான் நினைக்கறேன். நீங்க என்ன நினைக்கறீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். பட்டியல் தேதி வரிசை. உன் தேதிக்குப் பிறகு பிறந்த ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை. உன்னோடு அந்த மாதமே நின்றுபோயிருந்தது. சில நாட்களாக எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்ததால் தப்பு கண்ணில் படவில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான் பிரேக்கையும் கன்டின்யூவையும் விளக்கினேன். யாருக்கும் புரியவில்லை. கடைசியில் மகளிர் அணித் தலைவிதான் விளக்கினார்: "பஸ்ஸுதான் சார். ஒரு ஸ்டாப்புல நிக்காம அடுத்ததுக்குப் போனா கன்டின்யூ. அங்கேயே டிப்போவுக்குத் திரும்பிட்டா பிரேக்."

பொருளாளர் யோசித்தார். "அப்போ அவர் ஸ்டாப்புல நிக்காம போயிடணும்ங்கறீங்க. அது மரியாதையா இருக்குமா?"

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் மெதுவாப் போக முடியுமா?" என்று செயலாளர் என்னைக் கேட்டார். அப்படி ஒரு கட்டளை எந்த மொழியிலும் இல்லை என்றேன். குறிப்பில் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தீர்மானத்தை மீறி உன் வழியிலேயே செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வாசலில் வடிகட்ட, பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் வேண்டும். 'காலமானவர்' என்று பெயர் வைத்தேன். எல்லோருக்கும் தானாகவே 'இல்லை' என்று விழுந்தது. உனக்கு மட்டும் நான் போய் 'ஆம்' என்று மாற்ற வேண்டும். உன் வரிசைக்குப் போனேன். உனக்கும் 'இல்லை' என்றுதான் இருந்தது. சமையலறையிலிருந்து, சாப்பிட வரச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார்கள். அந்தக் கட்டத்தையே அழித்துவிட்டு எழுந்தேன்.

பிறகு டெம்ப்ளேட்டைத் திறந்து, செயற்குழு சொன்னபடி பிரேக்கை எடுத்துவிட்டுக் கன்டின்யூ போட்டேன். நீ பார்த்திருந்தால் என்ன சொல்வாய் என்று தெரியும். பந்தி, வாசல், இலை, எல்லாம் மனப்பாடம். இன்றும் எந்த லூப்பை எழுதினாலும், முதல் வரிக்கு முன்னால் உன் 'கைக்கு டா' கேட்கிறது. பதில் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். இதை மட்டும் எழுதி, சேமித்து, உடனே மூடிவிட்டேன்.

உன் மனைவி பக்கத்தைப் பார்த்துவிட்டாள், சரியாக இருக்கிறது என்றாள். செயலாளர் தன் கேக்கைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினார்.

பட்டியலில் இப்போது ஆறாம் எண்ணுக்கு அடுத்து எட்டு வருகிறது.