ஒரு வாய்த் தண்ணீர்

இன்று காலை பக்கெட் மூடியைத் திறந்ததும் சோப்புத்தூள் வாசனை குப்பென்று அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று பிள்ளைகள் வீடு கட்டுகிற பிளாஸ்டிக் கட்டைகளை நீதான் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்தாய். அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாவி, இப்படியா பாதியில் விட்டுவிட்டுப் போவாய்?

மொட்டைமாடி ஷெட்டை உன் வீட்டுக்காரர்தான் திறந்துவிட்டார். "நடத்தும்மா, அவளும் அதத்தான் சொல்லுவா" என்றார். நீ இல்லாமல் பிள்ளைகள் கூடுகிற முதல் சனிக்கிழமை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திங்கட்கிழமை என் ஜோயலுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்கு இன்டர்வியூ. "பையன் மட்டும் உள்ள வரட்டும்மா, அவனே பேசட்டும்" என்று சூப்பர்வைசர் போனிலேயே சொல்லிவிட்டார். வெளியாள் பேர் கேட்டாலே தரையைப் பார்க்கிற பிள்ளை. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் சின்னப் பையனாக இருந்தபோது, வெள்ளானூருக்கு நாங்கள் குடிவந்த புதிதில் நீ அவனை நிறுத்தி, "இன்னாடா, எந்த ஸ்கூல்?" என்று கேட்டாய். நான் பதில் சொன்னேன். எந்த கிளாஸ் என்றாய். அதற்கும் நானே. "இன்னா துன்ன காலீல?" என்றாய். "இட்லி" என்றேன். நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். "ஏன்டி, இட்லிய அவன் துன்னானா, நீ துன்னியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நீ அதைக் கண்டுகொண்டால்தானே! கட்டைப் பக்கெட்டோடு வந்து அவனை மாடிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனாய். பக்கத்துத் தெரு சலீமும் ரேவதியும் சேர்ந்தார்கள். ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருவர் கட்டையைத் தேடி எடுக்க வேண்டும், ஒருவர் கட்ட வேண்டும். கட்டுகிறவர் படத்தைப் பார்க்கக் கூடாது. சொல்கிறவர் கட்டையைத் தொடக் கூடாது. வாயைத் திறந்தால்தான் வீடு எழும்பும்.

அம்மாக்களுக்கும் ஒரு சட்டம் வைத்தாயே, அதுதான் உன் வேலை. பின்னால் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணீர். பிள்ளைகள் கட்டி முடிக்கும்வரை விழுங்கக் கூடாது. முதல் நாளே சலீமின் அம்மா சிரித்துத் தொலைத்து என் புடவை நனைந்தது.

இன்றைக்கு ஜோயல் கையில் படம். ரேவதி கட்டினாள். அவள்தான் தெரியுமே, பாதி கேட்பாள், மீதியை அவளே முடிவு செய்வாள். மாடிப்படியைத் தப்பான பக்கம் வைத்துவிட்டாள். ஜோயல் கையை நீட்டினான். சலீம் தடுத்தான்.

"கை கூடாதுடா. ரூல்ஸ் கீதில்ல? வாயால சொல்லு."

ஜோயல் என்னைப் பார்த்தான். என் வாய் நிறையத் தண்ணீர். பதில் தொண்டைவரை வந்துவிட்டது. பிறகு அவன் நீ உட்காரும் நாற்காலியைப் பார்த்தான். போச்சு, எழுந்து ஓடிவிடப் போகிறான் என்று நினைத்தேன். நீ போனதிலிருந்து அந்த மாடிப் பக்கமே வராதவன். வாயில் தண்ணீர் சூடாகிக்கொண்டே வந்தது.

"அது இல்ல," என்றான். "எடு. படி அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்? ஒழுங்கா சொல்லு!" என்றாள் ரேவதி.

"சிவப்பு ஜன்னல் பக்கம்." கொஞ்சம் நிறுத்தி, சத்தமாகவே சொன்னான்: "நான் சொல்லி முடிக்கிறேன். அப்புறம் வை."

எனக்கு அழுகை வந்து தண்ணீர் புரையேறி, ஒரே இருமல். "ஆன்ட்டி அவுட்டு!" என்று சலீம் குதித்தான். ஜோயலும் சிரித்தான். நீ பார்த்திருக்க வேண்டுமடி.

ஆனாலும் மனசு அடங்க மாட்டேன் என்கிறது. இவர்கள் கூடவே வளர்ந்தவர்கள். அங்கே முகம் தெரியாத ஆள் கேட்பார். இவன் கதவைத் திரும்பிப் பார்ப்பான். நான் அங்கே இருக்க மாட்டேன். "அவன் யோசிக்கிற நேரத்த நீ துன்னாதடி" என்று நீ சொல்வதைத்தான் திரும்பத் திரும்ப எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

ஆவடியில் ரயில் ஏறி அவனோடு நானும் போகிறேன், கேட் வரைக்கும்தான். பையில் இப்போதே ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்துவிட்டேன். தாகத்துக்கு இல்லை. அவன் உள்ளே போனதும் ஒரு வாய் எடுத்துக்கொண்டு வெளியே நிற்பேன். அவன் திரும்பி வந்து தானாகச் சொல்லும்வரை விழுங்க மாட்டேன்.