பெரட்டு கலையும் நேரம்

லுணுகலை
1923, கார்த்திகை 3

அன்புள்ள பூவம்மாவுக்கு,

வீரய்யா எழுதுவது. கதிர்காமத்தான் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் நம் மகள் லீலாவும் உன் அண்ணன் லிங்கம் வீட்டில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், பதுளைக்குப் போன நாளிலிருந்து நீ ஒரு வரி எழுதவில்லையே.

வீடு வீடாக இல்லை. வேலைக்காரி கருப்பம்மா சமைக்கும் குழம்பில் உப்பே இருப்பதில்லை. வருகிறவர்கள் உன்னைக் கேட்கிறார்கள். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். லிங்கம் மச்சான் கடையில் அரிசி மூட்டை தூக்குவதைப் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்களோ!

ஒரு நல்ல சேதி. தோட்டத்து ஜனங்களுக்காக இத்தனை வருஷம் நான் துரைமாரோடு வாதாடியதை மெச்சி, தை மாதம் பதுளையில் எனக்கு வரவேற்புக் கூட்டம் வைக்கிறார்கள். ஜெயராசா வாத்தியார் என் சரித்திரத்தை எழுதிப் புத்தகமாகப் போடுகிறார். தொடக்கம் உனக்குத் தெரிந்ததுதான். கொஸ்லந்தைத் தோட்டத்தில், பன்னிரண்டு வயதில், விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நான் பிந்திப்போனதும், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கங்காணி என் முதுகைக் கிழித்ததும். ‘அந்த அடிதான் வீரய்யாவை மனிதனாக்கியது’ என்று வாத்தியார் ஆரம்பித்திருக்கிறார். கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

நீயும் லீலாவும் என்னோடு மேடையில் உட்கார வேண்டும். அதற்கு முன் வீட்டுக்கு வந்துவிடு. பெற்றவன் மகளை ஓர் அடி அடித்தான் என்பதற்காக வீட்டை விட்டுப் போவார்களா? குழந்தையின் கால் ஆறிவிட்டதா?

உன்
வீரய்யா

---

பதுளை
1923, கார்த்திகை 15

என்றும் மரியாதைக்குரிய உங்களுக்கு,

பூவம்மாவின் வணக்கம். அண்ணன் உடம்பைப் பற்றி நீங்கள் பரப்பிய சேதி இங்கேயும் வந்துவிட்டது. நேற்று ஒருவர் அவரைப் பார்க்க ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். லீலாவுக்கு நல்ல தீனி.

கருப்பம்மாவுக்கு உப்புப் போடத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் கூடிப்போயிற்று என்று நீங்கள் தட்டை எறிந்தீர்கள். அதற்குப் பிறகு அவள் உப்புச் சட்டியையே தொடுவதில்லை.

உங்கள் முதுகுத் தழும்பில் முதல் தடவை எண்ணெய் தேய்த்த அன்று நான் அழுதேன். நீங்களும் அழுதீர்கள். இப்படி அடிபட்டவர் யாரையும் அடிக்க மாட்டார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அது என் மடத்தனம்.

நம் வீட்டு முற்றத்தில் தினமும் காலையில் என்ன நடந்தது? நீங்கள் பிரம்பால் தூணைத் தட்டுவீர்கள். நானும் லீலாவும் கருப்பம்மாவும் வரிசையாக வந்து நிற்போம். இன்னின்னாருக்கு இன்னின்ன வேலை என்று சொல்வீர்கள். ‘பெரட்டு கலைஞ்சது’ என்று நீங்கள் சொல்லும் வரை யாரும் அசையக்கூடாது. வந்தவர்கள், ‘வீட்டிலும் தலைவர்தான்’ என்று சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன்.

அன்று லீலா தலைநாடாவைத் தேடிக்கொண்டிருந்து பிந்திவிட்டாள். ஓர் அடி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எண்ணவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் காது திறந்திருந்தது. ‘ஒன் நல்லதுக்குத்தான்டி அடிக்கிறேன்’ என்றீர்கள். கூட்டங்களில் அந்தக் கங்காணி மாதிரிப் பேசிக் காட்டுவீர்களே, அதே குரல்.

கூட்டத்துக்கு வருகிறோம். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறோம். மேடைக்கு வர மாட்டோம்.

காலில் புண் ஆறிவிட்டது.

பூவம்மா

---

லுணுகலை
1923, மார்கழி 2

பூவம்மாவுக்கு,

என்னையும் அந்தப் பாவியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாய். அவன் அடித்தது துரையின் தேயிலைக் கொழுந்துக்காக. நான் அடித்தது என் பிள்ளை முன்னுக்கு வரவேண்டும் என்பதற்காக. தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன் இந்த இடத்துக்கு வந்தது ஒழுங்கினால்தான். அது தெரியாமல் பேசாதே. உன் கடிதத்தைப் படித்த நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கு வருவேன். குழந்தையைப் பார்க்க வேண்டும். பசறையில் இத்ரூஸ் கடையில் சிவப்பு நாடா வாங்கி வைத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்.

வீரய்யா

---

பதுளை
1924, தை 20

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள் என்று அண்ணிக்கு வருத்தம்.

கூட்டத்தில் நீங்கள் சால்வையை விலக்கி முதுகைக் காட்டியபோது என்னைச் சுற்றியிருந்த பெண்களெல்லாம் அழுதார்கள். நானும் அழுதேன். அந்தத் தழும்பு பொய்யில்லை. அன்று அடி வாங்கிய அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். வாசற்படியில் நீங்கள் ஊன்றி வந்த பிரம்பு தட்டும் சத்தம் கேட்டது. லீலா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எச்சில் கையோடு ஓடிப்போய் முற்றத்தில் நின்றாள், கால்களை ஒட்டி, தலையை நிமிர்த்தி. ‘வாடா கண்ணு’ என்று கூப்பிட்டீர்கள். வரவில்லை. நாடாவை நீட்டினீர்கள். வாங்கிக்கொண்டு மறுபடி அப்படியே நின்றாள். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அண்ணன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போய்விட்டீர்கள்.

அவள் அங்கேயே நின்றாள். ‘அப்பா போயிட்டாருடி, உள்ள வா’ என்றேன். ‘அப்பா இன்னும் கலைஞ்சதுன்னு சொல்லலையேம்மா’ என்றாள். நான் சொன்னேன். நான் சொன்னால் செல்லாதாம். கடைசியில் அண்ணன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

குத்திக்காட்ட எழுதவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

பூவம்மா

---

லுணுகலை
1924, மாசி 1

என் கண்ணு லீலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா படித்துச் சொல்லட்டும்.

பெரட்டு கலைந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஓடிவந்துவிட்டேன். இனி நம் வீட்டில் பெரட்டு கிடையாது. பிரம்பைக் கருப்பம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை அவரைக்கொடிக்கு நட்டுவிட்டாள்.

அந்த அடிதான் என்னை மனிதனாக்கியது என்ற வரியை அடித்துவிடச் சொல்லி ஜெயராசா வாத்தியாருக்கு எழுதினேன். அது பொய் கண்ணு. இன்றைக்கும் தோட்டத்தில் பெரட்டுக்குப் பறை அடித்தால் அப்பாவுக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது. எழுந்து முற்றத்துக்கு ஓடிவிடுகிறேன். அங்கே யாரும் இருப்பதில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

உன்னை அடித்தது தப்பு. திரும்பி வா என்று கேட்க எனக்கு வெட்கமாயிருக்கிறது. அம்மாவிடமும் கேட்க மாட்டேன்.

உன்
அப்பா

---

பதுளை
1924, மாசி 9

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை லீலாவுக்குப் படித்துக் காட்டினேன். பெரட்டு கலைந்தது என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு வெகுநேரம் நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

‘அப்பா முத்தத்துல போயி நிக்கிறாராமே? அவருக்கு யாரும்மா கலைஞ்சதுன்னு சொல்லுவாங்க?’ என்று கேட்டாள்.

பிறகு அவளே, ‘நான் சொன்னா செல்லுமா?’ என்றாள்.

லுணுகலைக்கு இப்போது நாங்கள் வருவதாக இல்லை. அவளுக்கு இன்னும் தூக்கம் சரியாக வரவில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வாசலிலேயே நில்லுங்கள். அவள் வந்து சொல்லுவாள். அதற்குப் பிறகு உள்ளே வந்து சாப்பிடலாம்.

பூவம்மா