பவுடர் டப்பாவுக்குப் பொட்டு

1926, ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

தூக்கம் வரவில்லை. சீமை முகப்பவுடர் கம்பெனியின் ஏஜெண்டுத் துரை நாளைக் காலை ரயிலில் ஈப்போவுக்கு வருகிறார். இதுவரை வெள்ளைக்காரன் கடையில் மட்டும் விற்ற பவுடர் அது. துணியும் பாத்திரமும் விற்கிற எங்கள் கடைக்கு இப்போதுதான் முதல்முறையாகக் கொடுத்திருக்கிறார்கள். தனிக் கண்ணாடி அலமாரி வேண்டும், டப்பாவில் ஒரு கறைகூடப் படக் கூடாது என்பது பேச்சு. துரைக்குப் பிடிக்காவிட்டால் சரக்கு அப்படியே திரும்பிப் போய்விடும்.

சாயங்காலம் நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் முதலாளி அண்ணன் அலமாரிக்குப் பூசை போட்டு முடித்திருந்தார். ஒவ்வொரு டப்பா மூடியிலும் ஒரு வெள்ளைக்காரியின் படம் உண்டு. ஒவ்வொருத்தி நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“என்னண்ணே இது? துரை பார்த்தா என்ன ஆகும்?”

“புதுச் சரக்குக்குப் பொட்டு வைக்காம எப்படி விக்கிறது லா? பொம்பளப் படம் வேற. வெறும் நெத்தியா இருக்கலாமா?”

அவர் அந்தப் பக்கம் போனதும் ஒரு டப்பாவை ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். குங்குமம் கரைந்து, அடி வாங்கியவள் போல அவள் முகமெல்லாம் சிவந்துவிட்டது. மற்றதைத் தொடப் பயந்து விட்டுவிட்டேன்.

கடை பூட்டும்போது அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். அவரோ குங்குமக் கிண்ணத்தை எடுத்து வந்து, அவளுக்கு மட்டும் இன்னும் பெரிய பொட்டாக வைத்து, முன்வரிசையில் நடுவில் நிறுத்திவிட்டுப் போனார்.

துரை முதலில் அவளைத்தான் பார்ப்பார்.