குகனை எடுத்திட்டினம்

லண்டன், 1993 ஆனி (ஜூன்) 27, ஞாயிறு

தூறல். திரைச்சீலை தோய்க்கவேண்டும். அரிசி முடிகிறது.

மத்தியானம் போன். கனடாவிலிருந்து அண்ணை. "தங்கச்சி, குகனை எடுத்திட்டினம்!"

போனோடு நிலத்தில் இருந்துவிட்டேன். எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லை எதற்குச் சொல்வார்கள்? மாசியில் இவர், பிள்ளையின் அப்பா, செத்தபோது எல்லாரும் கேட்டது அதுதான். எப்ப பிரேதம் எடுக்கிறியள், எத்தனை மணிக்கு எடுக்கிறியள்.

"என்ரை பிள்ளைக்கு என்ன நடந்தது?" கத்தினேன்.

"அட விசரி, ஐஸ் ஹொக்கிக்கு எடுத்திட்டினம். டிராஃப்டிலை, கிளப்புகள் சுற்றுச் சுற்றாப் பெடியளைத் தெரிஞ்செடுக்கிறது. பெரிய கிளப் ஒண்டு. கடைசிச் சுற்றுத்தான், எண்டாலும் பேர் வாசிச்சவங்கள்!"

வாசித்தவன், பிள்ளையின் பேரோடு வரும் இவருடைய பேரை மூன்று துண்டாக உடைத்தானாம். அண்ணை சிரிக்கிறார்.

திரைச்சீலை தோய்க்கவில்லை.

ஆனி 28, திங்கள்

லோண்டரியில் வேலை. பக்கத்து மேசையில் துணி மடிக்கும் சரோ அக்காவுக்குச் சொன்னேன்.

"எங்கட பெடியன் ஐஸிலையோ? ஆரடி பழக்கினது?"

ஆர்? இவர்தான். ஐஸ் ரிங்கில் துப்புரவு வேலை. எனக்குப் பின்னேர ஷிப்ட், பிள்ளையை விட இடமில்லை. அங்கேயே கூட்டிக்கொண்டு போனார். ஆரோ எறிந்த சறுக்குச் சப்பாத்து, உள்ளே பழைய காலுறை அடைத்து. இவருக்கு ஐஸில் நிற்கவே தெரியாது. அவன் விழுந்தால் தடுப்புக்கு வெளியே நின்று "எழும்படா, எழும்படா" என்பாராம்.

பதினைந்து வயதில் அவனைக் கனடாவுக்கு அனுப்பினார், அண்ணை வீட்டுக்கு. ஜூனியர் லீக், ஊர் ஊராக மட்ச். பஸ்ஸிலேயே நித்திரை, பஸ்ஸிலேயே சாப்பாடு. எல்லாம் இவர் விருப்பம். என்னைக் கேட்டதில்லை.

ஆடி 4, ஞாயிறு

வெயில். கு. பேசினான். (முழுப்பேர் எழுதக் கை நோகிறது.)

மாசிக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசியதில்லை. அப்பா போய்விட்டார் என்றதற்கு, "ஒரு மட்ச் அம்மா, ஆள் எடுக்கிறவை பாக்க வருகினம், முடிச்சிட்டு வாறன்" என்றவன். பிறகு அங்கே பனி, பிளேன் இல்லை. சுடலையில் கொடுத்த நேரத்தை மாற்ற ஏலாது என்றார்கள். எடுத்து முடிந்த பிறகு வாசலில் வந்து நின்றான், பெரிய பையோடு. நான் பேசவில்லை.

இப்போது அமெரிக்காவில் கொலிச்சாம். நாலு வருடம், படிப்பும் விளையாட்டும். கிளப் அதுவரை அவன் பேரை வைத்திருக்கும். பிறகு விருப்பமென்றால் கூப்பிடும்.

"கூப்பிடாட்டி?"

"கடைசியிலை எடுத்த ஆக்களைக் கனக்கக் கூப்பிடுறேல்லை அம்மா." பிறகு சொன்னான், "நீங்கள் வா எண்டு சொல்லுங்கோ, விட்டிட்டு வாறன்."

வா என்ற சொல் வாய்வரை வந்தது. "சாப்பிட்டியோ?" என்று கேட்டேன்.

ஆடி 6, செவ்வாய்

வீடு ஊமை. இவருடைய கோட் இன்னும் கதவில். நேற்றுக் குளியலறையில் வழுக்கினேன். தலை அடிபட்டிருந்தால் ஆர் பார்ப்பது? இந்தச் செவன் கிங்ஸ் தெருக்களில் இத்தனை தமிழ் வீடு, ஆனால் ஆரும் கதவு தட்டுவதில்லை.

கோயிலுக்குப் போனேன். பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். அந்தக் கிளப் அவனைக் கூப்பிட்டு எடுக்கக்கூடாது. ஆடிக் களைத்து என்னிடம் வந்துவிட வேண்டும். வந்தால் நூற்றெட்டுத் தேங்காய்.

ஆருக்கும் சொல்லவில்லை.

1995 தை (ஜனவரி) 15, ஞாயிறு

பொங்கல் முடிந்தது. பானை இன்னும் ஊறுகிறது. பைப்பில் தண்ணீர் உறைந்துவிட்டது.

கு. அனுப்பிய வீடியோ கசெட். கொலிச் மட்ச். அமெரிக்கக் கசெட் எங்கள் பெட்டியில் ஓடாது, வெறும் கோடு. சரோ அக்கா சவுத்தால் பக்கத்து வீடியோக் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேருமாகப் பார்த்தோம்.

"எதடி உன்ரை மகன்? எல்லாற்றை தலையிலையும் சட்டி கவிட்டிருக்கு."

எனக்குத் தெரிந்தது. முழங்காலை ஆட்டிக்கொண்டு இருக்கும் விதம், இவர் மாதிரியே. அதிக நேரம் ஓரத்து வாங்குப் பலகையில்தான் இருந்தான். ஒருமுறை இறக்கினார்கள். மாடு மாதிரி ஒருவன் இடித்தான். விழுந்தான்.

நான் கதிரையை விட்டு எழும்பி, "எழும்படா!"

சரோ அக்கா சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

எழும்பினான்.

தை 17, செவ்வாய்

கோயில். வைத்த நேர்த்தியைத் திருப்பி எடுக்கலாமோ என்று ஐயரைக் கேட்டேன்.

"என்ன நேர்த்தி அம்மா?"

எப்படிச் சொல்வது?

"பெருசோ சின்னனோ, பிள்ளையார் கணக்கிலை வைச்சிருப்பார்" என்றார், சிரித்தபடி.

பிள்ளையாருக்கு முன்னால் நின்று, நான் சொன்னதைக் கேளாதே, கேளாதே என்றேன். பின்னால் வரிசை. தள்ளினார்கள். பஸ்ஸில் அழுகை. இறங்கும் இடம் தவறிக் கடைசித் தரிப்புவரை போய்விட்டேன்.

1997 வைகாசி (மே) 20, செவ்வாய்

காற்று. உடுப்புக் காயப்போட்டேன். உடனே மழை.

கு. போன். கொலிச் முடிந்தது. "அம்மா, எடுக்கேல்லை."

வேறு கிளப்?

"ஒருத்தரும் இல்லை. வெள்ளிக்கிழமை வாறன்."

மூக்கை உறிஞ்சினேன். "அழுறியளோ? நான் வந்தால் சந்தோசப்படுவியள் எண்டெல்லோ நினைச்சன்."

கேட்டது கேட்டபடி நடக்கிறது. ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை?

வைகாசி 22, வியாழன்

அப்டன் பார்க் கடைத்தெரு. நூற்றெட்டுத் தேங்காய் வாங்கினேன். கடைக்காரத் தம்பி கேட்டான், "கலியாணமோ அக்கா?" மகன் வாறான் என்றேன். வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டான். சாக்குகள் நடையில். கால் வைக்க இடமில்லை.

காலையில் அவன் வருமுன் கோயிலுக்குக் கொண்டுபோய் முடித்துவிட வேண்டும்.

வைகாசி 23, வெள்ளி

விடியவே பெல். பிளேன் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதாம். அதே பெரிய பை. மெலிந்திருக்கிறான். முன்பல் ஒன்று இல்லை. என்னைக் கட்டிப் பிடித்தான், பிறகு சாக்கு காலில் தட்டுப்படக் குனிந்தான்.

"இதென்னம்மா, இவ்வளவு தேங்காய்? எனக்கெண்டு ஏதும் நேர்ந்தனீங்களோ?"