ஃபாஸ்ட் என்று டாக்டரம்மா சொன்னது

அன்பு மகள் சௌந்திரத்துக்கு, ஜலகண்டாபுரத்திலிருந்து அப்பா ஆசி கூறி எழுதுவது. அம்மா பிழைத்து வீடு வந்துவிட்டாள், மீதியைப் பயப்படாமல் நீ படிக்க வேண்டும் என்று அதை முதலிலேயே எழுதிவிட்டேன். ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே மழை நன்றாகப் பெய்தது, தறிக்காரர்களுக்கும் வேலை இருக்கிறது.

அம்மாவின் வயிற்றுக் கட்டியை அறுத்து எடுக்க ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் அல்லவா, அங்கே நடந்ததை எழுதக் கை கூசுகிறது. டாக்டர் வெள்ளைக்காரத் துரைசாணி. முதல் நாள் சாயங்காலம் வந்து என்னிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். காலை, ஆபரேஷன், ஃபாஸ்ட் என்ற மூன்று சொற்கள் என் காதில் நின்றன. நர்ஸ் ஜானகியம்மாள் அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்ற மிதப்பில், எனக்கு இங்கிலீஷ் தெரியுமுங்க, நீங்க போங்க என்று கையமர்த்திவிட்டேன். அவரும் வேறு வேலை கிடந்ததால் போய்விட்டார். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியாததா? நூல் கட்டின் மேல் ஃபாஸ்ட் என்று ஒட்டியிருந்தால் சாயம் போகாத கெட்டி நூல், சூரமங்கலம் ஸ்டேஷனில் ஃபாஸ்ட் என்றால் வேகமாகப் போகும் வண்டி, கடிகாரம் முந்தி ஓடினால் அதுவும் ஃபாஸ்ட். காலையில் எல்லாம் வேகமாக நடக்க வேண்டும் என்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

விடிந்ததும் ராகிக் கஞ்சியை ஆற்றி அம்மாவிடம் கொடுத்தேன். அவள், வேண்டாமுங்க, கொமட்டுது என்றாள். டாக்டரம்மா வர்றதுக்குள்ள சுருக்காக் குடி, தெம்பு வேணும் என்று அதட்டிக் குடிக்க வைத்தேன். உள்ளே மயக்க மருந்து கொடுத்ததும் அவ்வளவும் வாந்தியாகி மூச்சுக்குழலில் அடைத்துக்கொண்டதாம். குப்புறப் புரட்டி, முதுகில் தட்டி, நின்ற மூச்சைத் திருப்பியிருக்கிறார்கள். கத்தி வைக்காமலே வெளியே கொண்டுவந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

அவளுக்கு நினைவு திரும்பியதும் ஜானகியம்மாள், ஃபாஸ்ட்டுனா பட்டினிங்க, டாக்டரம்மா தெளிவாத்தானே சொன்னாங்க, யாரு கஞ்சி குடுத்தது என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். உடனே, பசி தாங்காம நானே வாங்கிக் குடிச்சனுங்க, அவிய வேண்டாம்னுதான் சொன்னாங்க என்றாள். டாக்டரம்மா அவளைப் பிடித்துக் கத்தினார். வார்டுப் பெண்கள், ஒரு வேளை வயித்தைக் கட்டத் தெரியலையே என்று அவள் காதுபடவே பேசிச் சிரித்தார்கள். நான் கட்டிலைப் பிடித்தபடி சும்மா நின்றேன், சாமி. நின்றுகொண்டே இருந்தேன்.

அதன்பின் மார்ச்சளியும் காய்ச்சலுமாய்க் கிடந்தாள். மறுநாள் தண்ணீர் கேட்கக்கூட அவள் கூச்சப்பட்டதைப் பார்த்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரம்மாவின் அறைக்குப் போய், இங்கிலீஷ் பக்கமே போகாமல், கஞ்சி கொடுத்தது நான்தானுங்க, வார்த்தை புரியாமலே புரிஞ்ச மாதிரி நடந்துக்கிட்டேன் என்று தமிழிலேயே சொன்னேன். ஜானகியம்மாள் அதை எடுத்துச் சொன்னார். டாக்டரம்மா எழுந்தார். நேரே வார்டுக்குப் போய், அம்மாவின் கையைப் பிடித்து, மன்னிக்கணும் அம்மா என்று கொச்சைத் தமிழில் கேட்டார். காரணத்தை ஜானகியம்மாள் சொன்னதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மாவும் நர்ஸும் போனதும் அம்மா, ஏனுங்க, நா வாங்கிக்கிட்ட பேச்சு என்னோட போயிருக்குமல்லோ, ஊருக்கு முன்னால நீங்க எதுக்குத் தலை குனியோணும் என்று என்னைக் கோபித்தாள்.

காய்ச்சல் இறங்கிய பிறகு கட்டியை எடுத்துவிட்டார்கள். தையல் ஆறிவிட்டது. பாரம் தூக்கக்கூடாது என்றிருக்கிறார்கள், அவளோ குடத்தைத் தொடப் பார்க்கிறாள், நீ ஒரு வரி கண்டித்து எழுது. அங்கே பர்மாக்காரர் பேச்சோ இங்கிலீஷோ உனக்கு விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று சொல்லி இன்னொரு தரம் கேள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

அயலார் கேட்ட மன்னிப்பை அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை. இப்போது கூடத்தில் படுத்துக்கொண்டு, யாருக்குங்க இவ்வளவு நேரமா எழுதறீங்க என்கிறாள். இதை மடிப்பதற்கு முன் அவளுக்கு முழுதும் படித்துக் காட்டப் போகிறேன். நீங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தீர்த்தகிரி