வால் இல்லாத கையெழுத்து

திங்கட்கிழமை, மத்தியானம்

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தாய்மாமனும் இந்த வீட்டின் இப்போதைய தூணுமாகிய நான் எழுதுவது. கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் இந்தக் கடிதம் உங்களைத் தேடிப் பிடித்துவிடும். முகவரியை எழுதியது நான் அல்லவா? கவர் வாங்கிய இடத்திலேயே எழுதினேன், தபால் ஆபீசில் நாலு பேர் எழுந்து வந்து என் எழுத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன் நான். மற்ற பிள்ளைகள் ஒரே வருஷத்தில் மேய்ந்துவிட்டு ஓடியதை நின்று நிதானமாக அசைபோட்டவன்.

முதலில் ஒரு விஷயம், பதறக் கூடாது. போன மாதக் கடைசியில் உங்கள் வீட்டுக்காரி மொட்டைமாடியிலிருந்து காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது ஈரப் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் பலகைக் கட்டிலில் மல்லாந்தபடியே கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நடுக்கடல்ல இருக்கிற மனுஷனுக்கு எழுதி என்ன மாமா ஆகப்போகுது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். காட்டிக் கொடுத்துவிடாதீர்கள். சமையல், துணி, உங்கள் மகள் சுண்டெலி, மூன்றும் இப்போது என் கையில். நாலு வயசுப் பிள்ளைக்கு வாய் மட்டும் நாற்பது வயசு. யார் மாதிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இடுப்புகூடப் பெரிதில்லை, கல்லூரிதான் பெரிது. கல்யாணத்துக்காக ஒரு தடவை படிப்பை நிறுத்தினாள். சுண்டெலி வயிற்றில் இருந்தபோது இன்னொரு தடவை. இப்போது முப்பத்திரண்டு வயசில் மறுபடி போய் ரத்தம் சோதிக்கிற அந்தப் படிப்பில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை என்றால் கெடு முடிந்தது, இனி எந்த ஜென்மத்திலும் எழுத முடியாது. எழுதுவதற்கு நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை வேண்டும். விழுந்த அன்றைக்கு வலியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், காலண்டரைப் பார்த்துத்தான் அழுதாள்.

இங்கேதான் உங்கள் மாமன் மூளை புகுந்தது. அந்தக் கல்லூரியில் பிள்ளை குட்டியோடு படிக்கிறவர்களுக்கென்று கீழ்த்தளத்தில் ஒரு பிள்ளை அறை இருக்கிறது. மஞ்சள் கதவு, முழங்கால் உயரத்தில் கை கழுவும் தொட்டி, வரிசையாகச் சின்னச் சின்னப் பாய்கள். பிள்ளையை விட்டுவிட்டு மூச்சு வாங்கி மேலே ஓடுவதற்குள் வகுப்பில் வருகை எடுத்து முடித்துவிடுகிறார்களாம். அதனால் இவர்களுக்கு மட்டும் பிள்ளை அறைப் பதிவேட்டில் போடுகிற கையெழுத்தே வருகை. பிள்ளை கையில் ஒரு நம்பர் அட்டை கட்டுவார்கள். அதன் ஜோடி அட்டையைக் காட்டினால்தான் பிள்ளையைத் தருவார்கள். சுண்டெலி நம்பர் பதினேழு.

புரிந்துவிட்டதா? தினமும் காலையில் சுண்டெலியைத் தூக்கிக்கொண்டு நான் போகிறேன். "அவ வண்டி நிறுத்திட்டு அப்படியே மேல ஓடிட்டா" என்று அங்கிருக்கும் ஆயாவிடம் சொல்லிக்கொண்டே அவள் கையெழுத்தை நான் போட்டுவிடுகிறேன். அச்சு அசல். ஒரே ஒரு குறை, என் கை சும்மா இருக்காது. முடிக்கும்போது கீழே சுழித்து ஒரு வால் இழுத்துவிடும். இருக்கட்டுமே, அழகுதானே.

ஆலோசகர் அம்மா என்று ஒருத்தர் இருக்கிறார். குடும்பத்தோடு படிக்கிறவர்களைக் கவனிப்பதற்கென்றே கல்லூரியில் போட்டிருக்கிறார்கள். பஸ் ஓட்டிக்கொண்டு படிக்கிறவருக்கு எப்போது பணி நேரம் மாறுகிறது, பேரன் எடுத்த பிறகு படிக்க வந்தவளுக்கு எந்தப் பாடம் வரவில்லை, எல்லாம் அவருக்கு மனப்பாடம். "அவங்ககிட்ட கேட்டா ஏதாவது வழி சொல்லுவாங்க மாமா" என்றாள் உங்கள் மனைவி. கேட்டு வாங்குகிற வழக்கம் நம் வம்சத்திலேயே கிடையாது என்று சொல்லிவிட்டேன். கல்லூரி முதல்வரே என்னைக் கண்டால் நாற்காலி போடச் சொல்கிறார். வகுப்பு ஜன்னலில் நின்று ஒரு வாத்தியாரின் தப்பைத் திருத்தினேன், கைகூப்பினார்.

அந்த ஆயாவுக்குக் கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லை. "உங்க பொண்ணு முந்தி மாதிரி இல்லீங்க, ரொம்ப அமைதியாயிட்டாங்க" என்கிறாள் இன்று காலையில். எங்கே பார்த்தாளோ! உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன்.

கவலையை என் தலையில் இறக்கிவிட்டு எஞ்சினைக் கவனியுங்கள். கடல் உங்களைப் பத்திரமாகச் சுமக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்


வெள்ளிக்கிழமை, காலை

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. "மாமா ஒரு மூட்டை சொன்னால் அரை மூட்டை கழிக்க வேண்டும் என்று இவள் சொல்லுவாள், இந்தத் தடவை முழு மூட்டையும் கழித்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கல்லூரி போனிலிருந்து அவளே உங்களோடு பேசினாளாம். விழவே இல்லை என்றாளாம். சிரித்தாளாம். பின்னால் வகுப்பு மணி அடித்ததாம்.

மாப்பிள்ளை, அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நான் அவள் தலையைத் தாங்கி ஸ்பூனில் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தேன்.

போன கடிதத்துக்கும் இதற்கும் நடுவில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படிக்கும் வரை நானே எனக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் சுண்டெலியை அழைக்கப் போனபோது, மத்தியானம் அம்மா வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போனதாக ஆயா சொன்னாள். அட்டை இல்லாமல் எப்படி விட்டாய் என்று சத்தம் போட்டேன். "அட்டையைக் காட்டினாங்களே, பதினேழு" என்றாள். பதினேழு என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். ஆயா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு பாய்களைச் சுருட்டப் போய்விட்டாள்.

பிறகு நோட்டு. நான் சுண்டெலியின் பையில் துணியும் தண்ணீரும்தான் வைப்பேன். சாயங்காலம் திறந்தால் உங்கள் மனைவியின் நோட்டு இருக்கும், அன்றைய பாடம் அவள் எழுத்திலேயே. யாரோ கூடப் படிக்கிறவள் எழுதித் தருகிறாள், நல்ல மனசு என்று நினைத்தேன். படித்துக் காட்டலாம் என்று கட்டிலருகே உட்கார்ந்தால், நான் முதல் வரியைப் படிப்பதற்குள் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே முழுப் பாடத்தையும் சொல்லி முடிக்கிறாள். எங்கே படித்தாய் என்று கேட்டேன். "இன்னைக்குத்தானே மாமா நடத்தினாங்க" என்றாள்.

ஆறு வாரம் முடிந்து டாக்டர் வந்து பார்த்தார். எலும்பு கூடிவிட்டது, எழுந்து நடக்கச் சொல்லுங்கள் என்றார். அவள் எழவில்லை. படுக்கை மாற்றத் தூக்கினால் கொடியில் காய்ந்த துணியை எடுப்பது போல் இருக்கிறாள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கினால் பள்ளம் இல்லை. கிறீச் கிறீச் என்று உயிரை வாங்கிய அந்தப் பலகைக் கட்டில் இப்போது வாயே திறப்பதில்லை.

சுண்டெலி கட்டில் பக்கம் போக மாட்டேன் என்கிறாள். அம்மாவிடம் போடி என்று போன வாரம் அதட்டினேன். "இது படுக்கிற அம்மா தாத்தா, எனக்கு நடக்கிற அம்மாதான் வேணும்" என்றது பிள்ளை. கட்டிலில் கிடந்தவளுக்குக் காது கேட்டிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை.

இவ்வளவும் சேர்ந்த பிறகும், உங்கள் கடிதம் வந்த அன்றுதான் எனக்குக் குளிர் எடுத்தது. இனிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். என் விரலைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தது கண்ணால் பார்த்ததால்தான் தெரிந்தது. "இன்னும் ஒரே வாரம் மாமா. ரெண்டு தடவை விட்டுட்டேன். இந்தத் தடவை யார் போய் எழுதினா என்ன, பாஸ் பண்ணினா போதும்" என்றாள். அவள் அப்படிச் சந்தோஷமாகப் பேசி நான் பார்த்ததே இல்லை.

நேரே ஆலோசகர் அம்மாவிடம் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் முன்னால் நின்று, நான் செய்தது திருட்டுத்தனம், என்னைப் போலீசில் கொடுங்கள், அவள் படுக்கையில் இருக்கிறாள் என்று சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "படுக்கையில இருந்தா டாக்டர் சீட்டு ஒண்ணு போதுமேங்க, வருகையைத் தள்ளிக் கொடுத்திருப்போமே. வீட்டுக்கே பாடம் அனுப்பியிருப்போம். அதுக்குத்தானே நான் இங்க உட்கார்ந்திருக்கேன்" என்றார். ஒரு சீட்டு, மாப்பிள்ளை. வாய் திறந்து கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கிற வழக்கம் இல்லாத வம்சம்!

அப்புறம்தான், "ஆனா அவங்க தினம் வர்றாங்களே" என்று பதிவேட்டை எடுத்து வைத்தார். முப்பத்தொரு கையெழுத்து. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட வால் இல்லை. மழை பெய்த அன்றைக்கு என் கையிலிருந்து தாளில் சொட்டிய ஈரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. அந்தச் சுருக்கத்துக்கு நடுவிலும் அவள் கையெழுத்துதான், நேராக, அடக்கமாக. நான் முப்பத்தொரு தடவை வால் இழுத்தேன். என் கண்ணால் பார்த்து இழுத்தேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போய் வகுப்பு ஜன்னலைக் காட்டினார். மூன்றாவது பெஞ்சில், பஸ் ஓட்டுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் புடவை. காலையில் அதை நான்தான் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்திருந்தேன். வாத்தியார் ஏதோ கேட்டார், எழுந்து பதில் சொன்னாள், வகுப்பே தலையாட்டியது. உட்காரும்போது ஜன்னல் பக்கம் திரும்பினாள். வலி என்றால் என்னவென்று தெரியாத முகம். வழி தவறி வந்த வெளியாளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். உங்கள் மனைவிக்கு இடது கன்னத்தில்தானே குழி விழும்? இவளுக்கு எந்தக் கன்னம் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று சுண்டெலியை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை. சாயங்காலம் ஆலோசகர் அம்மா போன் செய்தார், இன்றைக்கும் வந்திருந்தாள், பரீட்சைச் சீட்டும் வாங்கிக்கொண்டாள், கவலைப்படாதீர்கள் என்றார். போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். "இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம் மாமா" என்றாள் கட்டிலில் இருந்தவள். நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

மாப்பிள்ளை, என் பேச்சில் அரை மூட்டை கழிப்பது உங்கள் பழக்கம். அதனால் நானே கழித்துத் தருகிறேன். தபால் ஆபீசில் யாரும் எழுந்து வரவில்லை. கூட்டமாக இருக்கிறது, ஓரமாக நில்லும் என்றார்கள். முதல்வரை நான் பார்த்ததே இல்லை. எந்த வாத்தியாரையும் திருத்தவில்லை, அந்த ஜன்னல் பக்கம் போனதே அன்றைக்குத்தான். எட்டாம் வகுப்பில் மூன்று தடவை தேறாமல் போனவன் நான். என் அக்கா மகளாவது தேறட்டும் என்றுதான் கையை நீட்டினேன். கழிக்க வேண்டியது இவ்வளவுதான். மிச்சம் இருப்பதில் ஒரு பிடியும் நான் சேர்த்ததில்லை.

புதன்கிழமை கப்பல் கரை சேரும் என்று எழுதியிருக்கிறீர்கள். துறைமுக ஆபீசுக்கே இதை அனுப்புகிறேன், இறங்கியதும் கையில் கிடைக்கட்டும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. நீங்கள் ஏறுகிற பஸ் கல்லூரி வாசலில் நின்றுதான் நம் தெருவுக்குத் திரும்பும். அங்கே பச்சைப் புடவையில் உங்கள் மனைவி நின்றுகொண்டு கையசைப்பாள். ஓடி வருவாள். பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கும்பிட்டுக் கேட்கிறேன், இறங்காதீர்கள். பதிலும் சொல்லாதீர்கள். நேரே வீட்டுக்கு வாருங்கள். உள் அறையில் இருக்கிறவள் என் குரலுக்கு இப்போதெல்லாம் திரும்புவதில்லை. நீங்கள் மட்டும் கூப்பிடுகிற பேர் ஒன்று இருக்கும் அல்லவா, யார் முன்னாலும் சொல்லாத பேர், அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பும் வரை கூப்பிடுங்கள். பரீட்சை போனால் போகட்டும். ஆலோசகர் அம்மா காலில் விழுந்து நான் கெடுவை நீட்டி வாங்குகிறேன். எனக்குக் கேட்கத் தெரிந்துவிட்டது.

கீழே என் கையெழுத்தில் வால் போட்டிருக்கிறேன். இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் அவளும் பிள்ளையும் மூன்று பேராக, மூன்றே பேராக, ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் வாழ வேண்டும்.

அதையே வேண்டிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருக்கும்,
மாமன்