புனலைப் பிடித்தவள்

பூந்தமல்லி, 1938

என் வீட்டுக்காரராக இருந்தவருக்கு,

உடம்பு எப்படி என்று விசாரிக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை நானே பார்த்தேன். ரப்பர் குழாய் வழியாக உங்கள் மூத்திரப்பைக்குள் கத்தரிப்பூ நிற மருந்துத் தண்ணீர் இறங்கியபோது, புனலைத் தூக்கிப் பிடித்திருந்த நர்ஸ் நான்தான். முகத்தில் துணி கட்டியிருந்தேன். நான் வாயும் திறக்கவில்லை. உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

"பிள்ளைகுட்டி உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"மொத பொண்டாட்டி மலடி சார். தள்ளி வெச்சிட்டேன்."

நான் புனலில் அடுத்த குவளை மருந்தை ஊற்றினேன்.

ரங்கூனில் பெண்சகவாசத்தால் உங்களுக்குத் தொற்றிய பழைய நோய் இது என்றும், அந்த முதல் மனைவியின் வயிற்றைக் கெடுத்ததும் இதுவாகத்தான் இருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். இப்போதிருக்கும் மனைவியை உடனே அழைத்து வரச் சொன்னார். "ஊட்ல தெரிய வாணாம் சார்" என்று கெஞ்சினீர்கள்.

உங்களுக்கு எழுத்துத் தெரியாது. மேனாம்பேட்டில் உங்கள் வீட்டுக்கு வரும் கடிதத்தை அவள்தான் உரக்கப் படிப்பாள். அதனால்தான் எழுதினேன்.

தங்கச்சி, நிறுத்தாமல் படி. புதன்கிழமை இங்கே ஆஸ்பத்திரிக்கு லேடி டாக்டர் வருவார். நீ வந்துவிடு.

அவருக்குச் சனிக்கிழமை மறுபடி மருந்து விட வேண்டும். வரச் சொல். அன்றைக்கு என் முகத்தில் துணி இருக்காது.

இப்படிக்கு,
அந்த மலடி